பூத்ததைப் பறிக்கலாமா, செடியிலேயே விடலாமா?

ஜெலுத்தோங் மல்லி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். இந்த வாரம் எங்கள் வீட்டில் பூவை வைத்து ஒரு வாக்குவாதம். உங்கள் கருத்தும் வேண்டும் என்பதால் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

எங்களுடையது பினாங்கில் சாதாரண வரிசை வீடு. வாசல் பக்கம் செம்பருத்தி, குண்டுமல்லி, கனகாம்பரம், இட்லிப்பூ வைத்திருக்கிறேன். வேலியில் சங்குப்பூ. காலையில் குளித்துவிட்டு வந்ததும் சாமிக்குப் பறிப்பேன். மீதி தலைக்கு. அதற்கும் மிஞ்சியது அக்கம்பக்கத்துக்கு. கோலாலம்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்த என் மகள், "விடிந்ததும் செடியை மொட்டையடித்து விடுகிறீர்களே அம்மா, கண்ணுக்கு ஒன்றும் மிச்சம் இல்லையே" என்கிறாள். பூ செடியில் இருந்தால்தான் அழகு, தேன்சிட்டும் வண்ணத்துப்பூச்சியும் வரும் என்பது அவள் கட்சி.

என் கட்சி வேறு. பூ என்றால் கொடுக்கத்தான். சாமிக்கோ மனுஷருக்கோ, கை மாறினால்தான் எனக்குத் திருப்தி. செடியிலேயே வாடி உதிர்ந்த பூவைப் பெருக்கி அள்ளும்போது மனசு கேட்பதில்லை.

உங்கள் வீட்டில் எப்படி? பறிப்பீர்களா, விடுவீர்களா?

கொடிமலை அடிவாரம் எழுதியது:

தங்கச்சி, இதற்கு ஒரே பதில் கிடையாது. பூவுக்குப் பூ நியாயம் மாறும்.

செம்பருத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் விரிந்தால் சாயங்காலம் சுருங்கிவிடும், அவ்வளவுதான் அதன் ஆயுசு. பறித்துத் தட்டில் வைத்தாலும் தண்ணீர் இல்லாமலே பொழுது சாயும்வரை நிற்கும். ஆக, பறிப்பதால் அதற்கு நஷ்டமே இல்லை. 1960-இல் நாட்டின் தேசிய மலராக அறிவித்த பூ. எந்தத் தாமானுக்கு, அதாவது குடியிருப்புப் பகுதிக்குப் போனாலும் வேலியோரம் நிற்கிறது, அதனாலேயே யாரும் நின்று பார்ப்பதில்லை. வெயில் ஏறுவதற்குள் ஒற்றைச் சிவப்புச் செம்பருத்தியின் பக்கத்தில் போய்ப் பாருங்கள். இதழுக்கு வெளியே நீளும் தண்டு முழுக்க மஞ்சள் மகரந்தம், அதற்கும் மேலே நுனியில் ஐந்து சிவப்புப் பொட்டு. பறிப்பதற்கு முன் அதைப் பார்க்க ஒரு நிமிஷம் ஒதுக்கினால் போதும், உங்கள் மகளுக்கும் குறை இருக்காது.

சங்குப்பூவைப் பறித்தே ஆகவேண்டும். விட்டால் பட்டாணி மாதிரி காய் பிடிக்கும். காய் முற்றத் தொடங்கினால் கொடி பூப்பதைக் குறைத்துக்கொள்ளும். செண்டுப்பூவும் அப்படித்தான், வாடிய தலையைக் கிள்ளக் கிள்ளப் புது மொட்டு வரும்.

கனகாம்பரத்தைப் பறிப்பதில் ஒரு பக்குவம் உண்டு. அந்தப் பச்சைக் கதிரில் கீழிருந்து மேலாக வரிசை வரிசையாகத்தான் மலரும். விரிந்த பூவை மட்டும் இரண்டு விரலால் மெல்ல உருவினால் நழுவி வந்துவிடும், மேலே இருக்கும் மொட்டுகள் அடுத்தடுத்து வரும். கதிரோடு ஒடித்தால் வரப்போகும் பூவையும் சேர்த்து ஒடித்த கணக்கு. வாசனை இல்லாவிட்டாலும் கனகாம்பரம் பறித்த பிறகும் சீக்கிரம் வாடாது. நான் பிறந்து வளர்ந்த ரப்பர் தோட்டத்தில் லயன் வீட்டு வாசலுக்கு வாசல் இதுதான் இருக்கும். விலை கொடுத்து வாங்கின செடி ஒன்றுகூடக் கிடையாது. எல்லாம் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போன விதை, கிளை.

செந்தூல் பதினோராம் மாடி எழுதியது:

மண்ணில் செடி வைத்திருக்கிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள். நான் கோலாலம்பூரில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறேன். வீட்டுக்கு வெளியே பொது நடைபாதையில் சட்டி வைத்து வழியை அடைக்கக்கூடாது என்பது விதி, அது நியாயமும்கூட. நெருப்பு பிடித்தால் எல்லாரும் ஓடவேண்டிய வழி அது. பால்கனிக் கைப்பிடிச் சுவரின் மேல் சட்டி வைப்பதையும் யாரும் செய்யவேண்டாம். காற்றோடு மழை அடித்தால் பதினோரு மாடி கீழே நடக்கிறவர் தலையில்தான் விழும்.

எனவே எனக்கு இருப்பது பால்கனித் தரையில் சில சட்டிகள் மட்டும். காலை வெயில்தான் வரும். டேபிள் ரோஸ், ஒரு நந்தியாவட்டை, ஒரு துளசி. எனக்குக் கிடைப்பதே சில பூக்கள், அதனால் பறிப்பதில்லை. வேலைக்குக் கிளம்பும்போது டேபிள் ரோஸ் மூடியே இருக்கும், வெயில் பட்டால்தான் திறக்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டுமே அது முழுசாக விரிந்து நிற்பதை என்னால் பார்க்க முடிகிறது. காப்பியோடு பால்கனியில் உட்காருவேன். அந்த அரைமணி நேரத்துக்காகத்தான் வாரம் முழுக்கத் தண்ணீர் ஊற்றுகிறேன். பறித்துவிட்டால் எனக்கு என்ன மிச்சம்?

பிறை வண்ணத்துப்பூச்சி எழுதியது:

உங்கள் மகள் பக்கம் நான், அக்கா.

பூ நமக்காக மட்டும் பூப்பதில்லை. எங்கள் வீட்டுப் போர்ட்டிக்கோவில் காகிதப்பூக் கொம்பு ஒன்று கீழே தொங்குகிறது. அதில் தேன்சிட்டு கூடு கட்டியிருக்கிறது. காய்ந்த புல், சிலந்தி நூல், மரப்பட்டைத் துணுக்கு எல்லாம் சேர்த்துப் பின்னின சின்னப் பை, பக்கவாட்டில் வாசல், வாசலுக்கு மேல் ஒரு கூரை நீட்டு. கட்டியதும் அடைகாப்பதும் பெண் சிட்டுதான். வயிறு மஞ்சள், முதுகு பாசிப்பச்சை. கழுத்து மினுமினுக்கிற ஆண் சிட்டு கம்பியில் உட்கார்ந்து சத்தம் போட்டுக்கொண்டே இருக்கும். குஞ்சு பறந்து போகிறவரை அந்தக் கொம்பை நாங்கள் வெட்டமாட்டோம், காரையும் வெளியேதான் நிறுத்துகிறோம். இட்லிப்பூவிலும் செம்பருத்தியிலும் தேன் கிடைப்பதால்தான் இந்தக் குடும்பம் எங்கள் வீட்டைத் தேர்ந்தெடுத்தது. எல்லாப் பூவையும் விடிந்ததும் பறித்துவிட்டால் அது எங்கே போகும்?

இன்னொன்றும் சொல்லவேண்டும். கறிவேப்பிலையில் புழு வந்தால் உடனே மருந்து அடிக்காதீர்கள். முதலில் பறவை எச்சம் கணக்காகக் கறுப்பும் வெள்ளையுமாக இருக்கும், பெரிதானதும் பச்சை. விரலால் லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து இரண்டு ஆரஞ்சுக் கொம்பை நீட்டும், ஒரு நெடியும் வரும். எலுமிச்சை, கறிவேப்பிலை இனத்துச் செடிகளில் மட்டும் வளரும் வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்கள் இவை. இலையைத் தின்னும், உண்மைதான். கறிவேப்பிலை மறுபடியும் துளிர்த்துவிடும். சமையலுக்கு ஒரு செடி, புழுவுக்கு ஒரு செடி என்று எங்கள் வீட்டில் இரண்டு இருக்கிறது.

புதுச்சட்டி எழுதியது:

குறுக்கே கேட்கிறேன், மன்னிக்கவும். கல்யாணமாகி பாயான் லெப்பாஸ் பக்கம் குடிவந்திருக்கிறேன். ஆசைப்பட்டுக் குண்டுமல்லி வாங்கி வைத்தேன். இலை நல்லா பச்சையாக, செழிப்பாக வளர்கிறது. மொட்டே இல்லை. வாரா வாரம் உரம் போடுகிறேன். பறிப்பதா விடுவதா என்று பேசுகிற நிலைக்கு நான் எப்போது வருவேன் அக்கா?

ஜெலுத்தோங் மல்லி எழுதியது:

தங்கச்சி, கட்டாயம் வருவாய். இலை மட்டும் செழிக்கிறது என்றாலே எனக்கு இரண்டு சந்தேகம்தான். ஒன்று, வெயில் போதவில்லை. குண்டுமல்லிக்கு நேர் வெயில் குறைந்தது ஐந்தாறு மணி நேரம் வேண்டும். கூரைக்கு அடியில் நிழலாக வைத்திருந்தால் கொடியாக நீளுமே தவிரப் பூக்காது. இன்னொன்று, தழைச்சத்து அதிகமாகப் போகிறது. உரப் பையின் மேல் மூன்று எண் போட்டிருக்கும். முதல் எண் பெரிதாக இருந்தால் அது இலைக்கு. பூச்செடிக்கு இரண்டாவது, மூன்றாவது எண் கூடியதாகப் பார்த்து வாங்கு. வாரா வாரம் வேண்டாம், மாதம் இரண்டு தடவை கொஞ்சமாகப் போட்டால் போதும்.

இதற்கெல்லாம் மேலே கத்தரி. மல்லி புதுத் துளிரின் நுனியில்தான் மொட்டு விடும். பழைய கொம்பில் எதிர்பார்க்காதே. ஒரு சுற்று பூத்து முடிந்ததும் எல்லாக் கிளையையும் மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிடு, அடி இலைகளையும் உருவிவிடு. பார்க்கப் பாவமாகத்தான் இருக்கும். சில வாரத்தில் வெட்டின இடத்துக்குப் பக்கத்திலிருந்து இரண்டு இரண்டாகத் துளிர் வரும், ஒவ்வொரு துளிர் நுனியிலும் மொட்டுக் கொத்து. நம் நாட்டில் குளிர்காலம் கிடையாது. வெயிலும் கத்தரியும் இருந்தால் வருஷம் முழுக்கச் சுற்றுச் சுற்றாகப் பூக்கும்.

மொட்டு வந்த பிறகும் கவனம் வேண்டும். சில மொட்டு ஊதா நிறமாக மாறி, விரியாமலே காய்ந்துபோகும். உற்றுப் பார்த்தால் குண்டூசி முனை அளவு ஓட்டை தெரியும், உள்ளே புழு. அந்த மொட்டுகளைக் கிள்ளிப் பையில் போட்டுக் கட்டி எறிந்துவிடு, செடிக்கு அடியில் போடாதே. வேப்பெண்ணெயை இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்போடு தண்ணீரில் கலக்கி, சாயங்காலம் இலைக்கு அடியிலும் படும்படி தெளிக்கலாம். வெயிலில் தெளித்தால் இலை கருகும்.

மல்லியைப் பொறுத்தவரை எனக்குச் சந்தேகமே இல்லை, பறிக்கத்தான் வேண்டும். காலையில் பச்சை போய் வெள்ளையாகப் பருத்து நிற்கிற மொட்டை மட்டும் எடு. அன்றைக்கே சாயங்காலம் விரியும். அடுத்த நாள் செடியில் பார்த்தால் பழுப்பேறியிருக்கும். மொட்டாகப் பறித்தால் கட்டுவதற்கும் வசதி. வாழைநாரைத் தண்ணீரில் நனைத்து, இந்தப் பக்கம் இரண்டு காம்பு அந்தப் பக்கம் இரண்டு காம்பு என்று எதிரெதிராக வைத்து, ஒரு சுற்று சுற்றி முடிச்சுப் போட்டு இறுக்கு. முடிச்சு காம்பில் விழவேண்டும், மொட்டில் பட்டால் கறுத்துவிடும். கட்டினதை ஈரத்துணியில் சுற்றி வைத்துவிட்டு, விளக்கேற்றும் நேரத்தில் பிரித்தால் வீடு முழுக்க மணக்கும்.

புதுச்சட்டி எழுதியது:

கூரைக்கு அடியில்தான் வைத்திருக்கிறேன்! இன்றைக்கே வெளியே தள்ளிவிடுகிறேன். ரொம்ப நன்றி அக்கா. என் மாமியார், "மல்லி வைத்தால் பாம்பு வரும், வாசலில் வேண்டாம்" என்கிறார். அது உண்மையா?

கொடிமலை அடிவாரம் எழுதியது:

வாசனைக்குப் பாம்பு வராதும்மா. எலியும் தவளையும் தேடித்தான் வரும். மல்லியை வெட்டாமல் புதராக விட்டு, அடியில் காய்ந்த இலை, பழைய சட்டி, பலகை என்று குவித்து வைத்தால் அதற்குள் எலி தங்கும், எலிக்குப் பின்னால் பாம்பு வரலாம். அடிப்பக்கம் தரை தெரிகிற மாதிரி வெட்டி, சுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள். மாமியாரிடமும் இதையே சொல்லுங்கள், புரிந்துகொள்வார். பெரியவர்கள் பயப்பட்டதில் பாதி நியாயம் இருக்கிறது.

ஓய்வுபெற்ற சுகாதாரப் பணியாளர் எழுதியது:

பாம்பைவிட எனக்குக் கொசுதான் பயம். வேலையில் இருந்த காலத்தில், டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசுவின் புழுவைத் தேடி வீடு வீடாக ஏறியிருக்கிறேன். அழகான பூச்செடி வைத்திருக்கும் வீடுகளில் முதலில் நான் பார்ப்பது சட்டிக்கு அடியில் இருக்கும் தட்டைத்தான்.

வாரம் ஒருமுறை தட்டில் உள்ள தண்ணீரைக் கொட்டுங்கள். கொட்டினால் மட்டும் போதாது, உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவவேண்டும். ஏடிஸ் கொசு தண்ணீர் விளிம்புக்குச் சற்று மேலே சுவரில் முட்டையை ஒட்டிவைக்கும். தட்டு காய்ந்துபோனாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். மறுபடி தண்ணீர் நின்றதும் பொரியும். அங்கிருந்து கொசுவாகிப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். அதனால்தான் வாரம் ஒருமுறை என்கிறோம். தட்டே இல்லாமல் செங்கல் மேல் சட்டியை ஏற்றி வைத்தால் இன்னும் நல்லது. தட்டு வேண்டும் என்றால் மணல் நிரப்பி வையுங்கள். இலைகளுக்கு நடுவில் தண்ணீர் தேங்கும் அன்னாசி இனத்து அலங்காரச் செடிகளையும் மறக்கவேண்டாம். தாமரைத் தொட்டி வைத்திருப்பவர்கள் நாலு கப்பி மீன் விட்டால் புழுவைத் தின்றுவிடும்.

சாமிக்கு அரளி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. சிவப்போ மஞ்சளோ, அரளியின் இலை, பூ, விதை, பால் எல்லாமே விஷம். தவழ்கிற பிள்ளை உள்ள வீட்டில் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள், பறித்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

கெப்போங் அத்தை எழுதியது:

நல்ல பேச்சு. நானும் சேர்ந்துகொள்கிறேன்.

என் வீட்டில் பவளமல்லி இருக்கிறது. பறிக்கலாமா விடலாமா என்ற கேள்வியே அதற்கு இல்லை. இரவில் மலர்ந்து, விடிவதற்குள் தானாகவே உதிர்ந்துவிடும். கீழே விழுந்த பூவைச் சாமிக்கு வைக்கக்கூடாது என்பார்கள், பவளமல்லிக்கு மட்டும் விதிவிலக்கு. படுக்கப் போவதற்கு முன் மரத்தடியில் சுத்தமான வெள்ளை வேட்டி ஒன்றை விரித்துவிடுவேன். காலையில் நாலு முனையையும் சேர்த்துத் தூக்கினால் போதும். வெள்ளை இதழ், ஆரஞ்சுக் காம்பு, வேட்டி முழுக்க மணம். காம்பைத் தண்ணீரில் ஊறவைத்தால் மஞ்சள் சாயம் இறங்கும், பேரப்பிள்ளைகள் அதில் படம் தீட்டுகிறார்கள்.

எனக்கு மனசில் இருக்கிறது வேறு விஷயம். வேலிக்கு வெளியே நீட்டியிருக்கிற செம்பருத்தியை, காலையில் நடக்கப் போகிறவர்கள் கேட்காமலே பறித்துக்கொண்டு போகிறார்கள். பை கொண்டுவந்து நிரப்புகிறார்கள். ஆள் யார் என்று சொல்லப்போவதில்லை. கொடுப்பதில் எனக்குச் சந்தோஷம்தான். கதவைத் தட்டிக் கேட்டால் நானே கூடையில் போட்டுத் தருவேன். கேட்காமல் எடுக்கிற பூவைச் சாமிக்கு வைத்தால் அது என்ன பூஜை?

செந்தூல் பதினோராம் மாடி எழுதியது:

அத்தை சொல்வது சரி. வேலிக்கு வெளியே இருந்தாலும் தண்ணீர் ஊற்றினது யார்?

பிறை வண்ணத்துப்பூச்சி எழுதியது:

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். ரோட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கிற பூ ரோட்டில் போகிறவர்களுக்கும் சேர்த்துத்தான். ஒன்றிரண்டு பறித்தால் போகட்டும். பையில் நிரப்புவது தப்பு, கிளையை இழுத்து ஒடிப்பது அதைவிடத் தப்பு.

கொடிமலை அடிவாரம் எழுதியது:

எங்கள் தெருவில் இதற்கு ஒரு வழி கண்டோம். வேலிக்கு வெளியே, சாக்கடை ஓரத் திட்டில் தனியாகச் செம்பருத்தி நட்டு, "யார் வேண்டுமானாலும் பறிக்கலாம், கிளையை ஒடிக்கவேண்டாம்" என்று தமிழிலும் மலாயிலும் எழுதித் தொங்கவிட்டோம். சீனர் வீட்டு அங்கிள் ஒருவர் தானாகவே வந்து சீனத்திலும் எழுதிச் சேர்த்தார். அதற்குப் பிறகு உள்ளே இருக்கும் செடியில் யாரும் கை வைப்பதில்லை. செம்பருத்திக்கு என்ன செலவு? பென்சில் தடிமனில் ஒரு முற்றின கிளையைக் கணுவுக்குக் கீழே சாய்வாக வெட்டி, மேல் இலையைப் பாதியாக நறுக்கி, நிழலில் ஈர மண்ணில் குத்திவைத்தால் வேர் பிடித்துவிடும். பறிக்க வருபவரிடம் பூவோடு ஒரு கிளையையும் வெட்டிக் கொடுங்கள், அத்தை. வீட்டில் செடி வந்துவிட்டால் அடுத்தவர் வேலிக்கு ஏன் வரப்போகிறார்?

கெப்போங் அத்தை எழுதியது:

இது நல்ல யோசனை, அண்ணே. கிளை கொடுப்பது எனக்குத் தோன்றவில்லை. வரட்டும், இந்தத் தடவை நிறுத்திப் பேசுகிறேன்.

ஜெலுத்தோங் மல்லி எழுதியது:

அண்ணன் சொன்னதைப் படித்ததும் எங்கள் தெருவைப் பற்றி எழுதத் தோன்றுகிறது.

இடது பக்கம் மாக்சிக், மலாய்க்கார அத்தை. அவர் மகள் கல்யாணத்துக்கு புங்கா ரம்பாய் என்ற வாசனைப் பூக்கலவை செய்ய, அந்த வாரம் பூத்த மல்லி முழுக்க எங்கள் வீட்டிலிருந்துதான் போனது. பாண்டான் என்ற வாசனை இலையை நூல் மாதிரி பொடியாக நறுக்கி, மல்லியும் ரோஜா இதழும் கலப்பார்கள். நறுக்கும் வேலைக்கு நானும் போய் உட்கார்ந்தேன். கல்யாணத்துக்கும் அதுதான், கல்லறையில் தூவவும் அதுதான். அவர் வீட்டிலிருந்து எனக்கு வந்தது புங்கா கந்தான். பினாங்கு ஆசாம் லக்சாவுக்குப் பொடியாக நறுக்கிப் போடுகிற அந்த ரோஸ் நிற இஞ்சிப்பூ. கிழங்கோடு தோண்டிக் கொடுத்தார், பின்பக்கம் நட்டிருக்கிறேன், ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்துவிட்டது.

சங்குப்பூவுக்கு ஆள் எதிர்வீட்டு நோன்யா ஆன்ட்டி, மலாய்ப் பழக்கம் கலந்த சீனக் குடும்பம். பூவைக் காயவைத்து டப்பாவில் போட்டுக் கொடுப்பேன். அவர் அதை ஊறவைத்துப் புளுட் தாய் தாய் செய்வார். அதாவது பசையரிசியில் அங்கங்கே நீலம் ஏற்றி, அழுத்தி வெட்டி, காயா என்ற தேங்காய்ப்பால் முட்டை ஜாமோடு சாப்பிடுகிற பலகாரம். அதே நீலத் தண்ணீரில் எலுமிச்சை பிழிந்தால் ஊதாவாக மாறும். என் மகளின் சிநேகிதப் பிள்ளைகள் வந்தால் இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று பிழியச் சொல்வார்கள்.

கோடி வீட்டில் ஒரு சீனத்துப் பாட்டி இருக்கிறார். அவர் வீட்டில் நிஷாகந்தி, அவர்கள் கெங் ஹுவா என்பார்கள். மொட்டு முதலில் தலைகீழாகத் தொங்கும். மலரும் நாள் நெருங்கியதும் காம்பு வளைந்து மொட்டு மேலே நிமிரும். நிமிர்ந்துவிட்டால் பாட்டி வீடு வீடாக ஆள் அனுப்புவார். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் நாற்காலி போட்டு எல்லாரும் உட்காருவோம். ஒன்பதரைக்கு இதழ் நெகிழும், பத்துக்கு மேல் கை அகலத்துக்கு விரிந்து தெரு முழுக்க மணம். விடிந்தால் துவண்டுவிடும். அதை யாரும் பறிப்பதில்லை. மறுநாள் வாடின பூவைப் பாட்டி கல்கண்டு போட்டுக் கொதிக்கவைத்துக் குடிப்பார், எனக்கும் ஒரு கிண்ணம் வரும். அந்தச் செடி இப்போது எங்கள் வீட்டிலும் இருக்கிறது. ஒரு தட்டை இலைத் துண்டை மண்ணில் குத்திவைத்தேன், பிடித்துக்கொண்டது.

இந்த இழையில் எல்லாரும் எழுதியதைப் படித்த பிறகு, கொடுப்பது என்றால் பறித்துக் கொடுப்பது மட்டும்தான் என்று நான் பிடிவாதம் பிடிக்கப்போவதில்லை. ஆளைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் காட்டுவதும் கொடுப்பதுதான். பாட்டி அதைத்தானே செய்கிறார். மகளிடம் பேசிவிட்டேன். மல்லியும் சங்குப்பூவும் கனகாம்பரமும் என் கணக்கு. இட்லிப்பூவும் வேலியோரச் செம்பருத்தியும் அவள் கணக்கு, அதில் நான் கை வைக்கமாட்டேன்.

பிறை வண்ணத்துப்பூச்சி எழுதியது:

தேன்சிட்டு சார்பில் நன்றி, அக்கா.

செந்தூல் பதினோராம் மாடி எழுதியது:

நிஷாகந்தி பால்கனியில் வருமா? நேர் வெயில் மதியத்தோடு போய்விடும்.

கொடிமலை அடிவாரம் எழுதியது:

உங்களுக்கென்றே உள்ள செடி அது. மரத்தில் தொற்றி வளரும் கள்ளி இனம். சுள்ளென்ற வெயில் ஆகாது, மிதமான வெளிச்சம் போதும். தண்ணீர் வடியும் கலவை வேண்டும். தேங்காய் மட்டைத் துண்டு, கரி, கொஞ்சம் மண் சேர்த்துக்கொள்ளுங்கள். ராத்திரியில் பூப்பதால் வேலை முடிந்து வந்து பார்க்கலாம், ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

வாங்குவதென்றால் கோலாலம்பூர்க்காரர்களுக்குச் சுங்கை பூலோ பக்கத்தில் இருக்கிறது. தொழுநோயாளிகளுக்காக 1930-இல் திறந்த குடியிருப்பு அது. அங்கே இருந்தவர்கள் பிழைப்புக்காகச் செடி வளர்த்து விற்கத் தொடங்கித்தான் அந்த ரோடு முழுக்க நர்சரி ஆனது. ஒரு காலத்தில் ஊர் ஒதுக்கி வைத்த மனிதர்களின் கையால் எத்தனை வீட்டு வாசல் பூத்திருக்கிறது! அங்கே போனால் அவசரப்படாமல், வளர்த்தவரிடமே கேட்டு வாங்குங்கள். எவ்வளவு வெயில், எவ்வளவு தண்ணீர் என்று சொல்லித் தருவார்கள். செடி பூவோடு இருப்பதைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். சட்டியைத் தூக்கி அடி ஓட்டையைப் பாருங்கள். வேர் வெள்ளையாக இருக்கவேண்டும், இலைக்கு அடியில் மாவுப்பூச்சி இருக்கக்கூடாது.

கெப்போங் அத்தை எழுதியது:

செந்தூல் தம்பி, நர்சரிக்கெல்லாம் போகவேண்டாம். என்னிடம் நிஷாகந்தி இருக்கிறது. செந்தூல் எனக்குத் தூரமில்லை. தனிமடலில் எழுதுங்கள், வேர் பிடித்த சட்டியாகவே தருகிறேன். கூடவே பவளமல்லிக் கன்றும் இருக்கிறது, அது பால்கனிக்கு ஆகாது, மண் வீடு உள்ளவர்கள் யாராவது கேளுங்கள்.

செந்தூல் பதினோராம் மாடி எழுதியது:

எழுதிவிட்டேன் அத்தை. பதிலுக்கு டேபிள் ரோஸ் கிளை கொண்டுவருகிறேன். எங்களிடம் ஆரஞ்சு, வெள்ளை, ரோஸ் மூன்றும் இருக்கிறது.

புதுச்சட்டி எழுதியது:

கனகாம்பரம் யாரிடமாவது கிடைக்குமா? பினாங்கில் நான் கேட்ட கடைகளில் இல்லை. மாமியார் தன் அம்மா வீட்டில் இருந்ததாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

ஜெலுத்தோங் மல்லி எழுதியது:

என்னிடம் விதை நிறைய இருக்கிறது, தங்கச்சி. கதிர் பழுப்பாகக் காய்ந்ததும் எடுத்து வைத்தது. பாயான் லெப்பாஸ் பக்கம் என் தம்பி வீடு இருக்கிறது, சனிக்கிழமை வரும்போது கொண்டுவருகிறேன். கதிரோடு தருகிறேன், உரிக்காதே. மாமியாரைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒரு தட்டில் கதிரைப் போட்டுத் தண்ணீர் தெளி. கொஞ்ச நேரத்தில் காய் படபடவென்று வெடித்து விதை தெறிக்கும், அதனால் தட்டைச் சுற்றித் துணி விரித்துக்கொள். சின்ன வயசில் அவரும் இதை விளையாடியிருப்பார். விதையை மணல் கலந்த மண்ணில் மேலாகத் தூவி, லேசாக மூடி, பாதி நிழலில் வை. ஈரம் காயாமல் பார்த்துக்கொள். ராத்திரியில் பெரிய நத்தை வந்தால் நாற்றை ஒரே நாளில் தின்றுவிடும், கையுறை போட்டுக்கொண்டு பொறுக்கிவிடு. நாலு இலை விட்டதும் பிரித்து நடலாம்.

சனிக்கிழமை எத்தனை மணிக்கு வீட்டில் இருப்பாய்?

புதுச்சட்டி எழுதியது:

மதியம் முழுக்க இருப்போம் அக்கா, சாப்பிடவே வந்துவிடுங்கள். மாமியாரிடம் சொன்னேன், இப்போதே மண் சலிக்க ஆரம்பித்துவிட்டார்.